டப்பாவில் இருந்தது

காலை ஆறு மணி. அடுப்பில் ஒரே ஒரு துண்டு கேரட் வெந்துகொண்டிருந்தது. விரல் நீளம்தான் இருக்கும். வெந்ததும் அவள் அதை மசித்து ஓரமாக வைத்தாள். கணவன் குளிக்கிற சத்தம் கேட்கிறதா என்று ஒருமுறை காதைத் தீட்டிக் கேட்டாள். கேட்டது. சோப்புத்தூள் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு பாக்கெட்டை எடுத்தாள். மூன்று கரண்டிப் பொடி, வெந்நீர், ஒரு கலக்கு. டப்பாவில் ஊற்றி, மசித்த கேரட்டை மேலே பரப்பினாள். பார்த்தால் வீட்டில் செய்த அரிசிக் கூழும் கேரட்டும் போலவே இருந்தது.

இது ஐந்தாவது வாரம். முதல் வாரம் நொடிக்கொரு தரம் கதவைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது பார்ப்பதில்லை. குற்ற உணர்ச்சியும் இல்லை, நிம்மதியும் இல்லை. பல் தேய்ப்பது போல இதுவும் ஒரு வேலை.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து பாலோடு வேறு உணவும் தொடங்கியபோது எல்லாவற்றையும் அவள்தான் செய்தாள். அரிசியை வறுத்துப் பொடித்துக் கூழாக்கினாள். ஆப்பிளைத் தோல் சீவி ஆவியில் வேகவைத்தாள். உருளைக்கிழங்கை ஒரு கட்டி இல்லாமல் சல்லடையில் தேய்த்தெடுத்தாள். குழந்தை இரண்டு வாய் வாங்கும், மூன்றாவதைத் துப்பும். எட்டு மணிக்கு அவள் சட்டைத் தொழிற்சாலையில் நிற்க வேண்டும். தைத்து வரும் சட்டைகளில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒருநாள் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டாள். பாத்திரம் கருகிப் புகை வந்தபோதுதான் விழித்தாள். அன்று மாலை கடையில் குழந்தை உணவுப் பொடியின் முதல் பாக்கெட்டை வாங்கினாள்.

வெளியே சொல்ல வழியில்லை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் டப்பாவில் இருப்பதை ஊட்டுவதும் கீழ்வீட்டு நாத்தனார், கணவனின் அக்கா. அவள் சொல்லிவிட்டிருந்தாள்: "மூணு பெத்தேன். மூணும் என் கையால மசிச்சதைத் தின்னு வளந்ததுங்க. பாக்கெட் பொடியெல்லாம் சோம்பேறிங்களுக்கு. அது என் வீட்டுப் படி ஏறக்கூடாது."

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மாலையில் வந்ததும் ஒரே கேள்விதான். "பாப்பாவுக்கு இன்னைக்கு என்ன செஞ்ச?" அவள் ஏதாவது ஒரு காயின் பெயரைச் சொல்வாள். அவனுக்கு முகம் மலர்ந்துவிடும்.

முந்தின நாள் கடையில் வழக்கமான பாக்கெட் இல்லை. "இதுவும் அதே மாதிரிதாம்மா, சத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவள் படிக்கவில்லை. பகலெல்லாம் தையலைத் தேடிய கண்ணுக்கு அதற்குமேல் தெம்பு இல்லை.

இன்று பதினோரு மணிக்கு மேற்பார்வையாளர் வந்து, வீட்டிலிருந்து ஃபோன் என்றார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டு முடித்திருந்தார்கள். குழந்தையின் உதடு வீங்கியிருந்தது. உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. மூச்சிறைப்பு இப்போதுதான் அடங்கியிருந்தது. நாத்தனார் சுவரில் சாய்ந்து நின்றாள். வேலையிலிருந்து ஓடிவந்த கணவன் கட்டிலருகே நின்றான்.

"இப்ப பயமில்ல" என்றார் டாக்டரம்மா. "ஆனா எதனால வந்துச்சுன்னு தெரியணும். கடைசியா என்ன குடுத்தீங்க?"

"கேரட்டும் அரிசியும்தான் டாக்டர்" என்றாள் நாத்தனார். "ரெண்டும் பழகினதுதான்."

"வெளிச்சாமான் எதுவும் உள்ளயே வராது டாக்டர்" என்றான் கணவன். அந்த நேரத்திலும் அவன் குரலில் பெருமை இருந்தது. "எல்லாம் இவளே கையால செய்வா."

"கேரட், அரிசிக்கு இப்படி வர்றது அபூர்வம்." டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். "சரி, அந்த ரெண்டையும் நிறுத்துங்க. மத்ததெல்லாம் வழக்கம்போல குடுங்க."

வழக்கம்போல. அவள் குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பக்கத்தில் வேறு யாரோ பேசுவது போல அவள் குரல் அவளுக்கே கேட்டது.

"கேரட் மேல மட்டும்தான் டாக்டர். அடியில பாக்கெட் பொடி. நேத்துதான் புதுசா வாங்கினேன்."

பேனா நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாக்கெட் இருக்கும் இடத்தை அவள் சொன்னாள். கணவன் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தான். டாக்டரம்மா பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார்.

"நிலக்கடலை இருக்கு. இதாத்தான் இருக்கும், டெஸ்ட் பண்ணி உறுதி பண்ணிக்கலாம். நீங்க சொல்லாம விட்டிருந்தா இது வேற எதுலயாவது மறுபடி உள்ள போயிருக்கும். அடுத்த தடவை இங்க வந்து சேர நேரம் இருந்திருக்காது. வீட்டுல செஞ்சாலும் கடையில வாங்கினாலும், புதுசா ஒண்ணு குடுத்தா அதை மட்டும் குடுத்து ரெண்டு மூணு நாள் பாருங்க. பாக்கெட்டுன்னா படிச்சுட்டுக் குடுங்க. இப்போதைக்கு நிலக்கடலை ஒரு துளிகூட வேணாம்."

வெளியே நடைவழியில் கணவன் கேட்டான், கோபமில்லாமல்: "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"தினமும் என்ன செஞ்சன்னு கேட்டீங்க" என்றாள். "முடியுதான்னு ஒருநாளும் கேக்கல."

அவன் கிரீஸ் படிந்த தன் விரல்களைச் சட்டை ஓரத்தில் துடைத்தான். பிறகு, "நாளைக்குக் காலைல நான் வேகவைக்கறேன். எப்படின்னு மட்டும் சொல்லிக்குடு" என்றான். அவள் தலையசைத்தாள். அவளுக்கு மகிழ்ச்சி என்று எதுவும் தோன்றவில்லை. உட்கார வேண்டும் போல மட்டும் இருந்தது. நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நாத்தனார் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் புள்ளைங்களுக்கு என் மாமியார்தான் மசிச்சுத் தருவாங்க. நான் ஊட்டுறதோட சரி. வேலைக்கும் போகல. நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாயிடுச்சு." அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காயைக் கொண்டா, பொடியைக் கொண்டா, எதுன்னாலும் வாயத் திறந்து சொல்லிட்டுக் குடு. உண்மையைச் சொல்லப் பயப்படுற வீட்டுல எந்தச் சாப்பாடும் குழந்தை உடம்புல ஒட்டாதும்மா. அந்தப் பயத்தை உனக்கு ஊட்டினது நாங்கதான்."