சும்மா இருந்தவள்

படத்தில் முதல் சிரிப்பு நாய் கொட்டாவி விட்டபோது வந்தது. பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் பிற்பகல் புழுக்கத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. முன்வரிசை மட்டும் நகரத்திலிருந்து வந்தவர்களுக்கு. சிரித்தவர்களும் அவர்கள்தான். நாயை அறிந்தவர்கள் எப்படிச் சிரிப்பது? அது பஸ் கண்டக்டர் வீட்டு நாய். கேமரா வந்த அன்றைக்குத்தான் குட்டி போட்டிருந்தது. கொட்டாவி விடாமல் ஆடிப் பாடுமா?

இரண்டாவது சிரிப்பு கிணற்றடிக்கு. மில்காரர் மகனும் அவன் கூட்டாளிகள் இருவரும் வறண்ட கிணற்றின் சுவரில் சாய்ந்துகொண்டு உள்ளே ஒவ்வொரு கல்லாகப் போடுகிறார்கள். கல் விழுகிற சத்தம். இன்னொரு கல். இன்னொரு சத்தம். முன்வரிசை குலுங்கியது. போன கோடை முழுக்க அந்த மூன்று தடியன்களும் அதே கிணற்றுக்குள் இறங்கி, இடுப்பளவு சேற்றில் நின்று தூர் வாரியதை ஊர் அறியும். கேமராவும் அறியும், பக்கத்திலேயேதான் நின்றது. சேறு படத்தில் வரவில்லை. டீ குடிக்க மேலே வந்து கால் மணி நேரம் உட்கார்ந்தார்களே, அது வந்தது.

படத்தின் பெயர் 'வெறும் பொழுது'. எங்கோ ஒரு தூரதேசத்தில் விருது வாங்கிய படம். இண்டு இடுக்கில் கிடக்கும் ஒரு கிராமத்தில் பிள்ளைகள் பொழுதுபோகாமல் எப்படி நசிந்துபோகிறார்கள் என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறதாம். இயக்குநர் அந்தத் தூரதேசத்திலேயே வளர்ந்தவர். தமிழ் பேசுவார், பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து எடுத்து வைப்பது போல இருக்கும். போன கோடையில் வேனும் ஆட்களுமாக வந்து இறங்கியவர், எதிரே வந்த பிள்ளைகளை எல்லாம் நிறுத்தி, "நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பிள்ளைகள் என்ன சொல்லும்?

"சும்மா இருக்கோம் சார்."

அதை அப்படியே பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவனை எங்கே என்று கேட்டாலும் "சும்மா, இப்படித்தான்" என்பான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வருகிறவர்களும் சும்மாதான் போய்விட்டு வருகிறார்கள். சும்மா என்றால் வேலை இல்லை என்று அர்த்தமில்லை. உனக்கெதற்கு என்று அர்த்தம், அதை மரியாதையாகச் சொல்வது. எனக்கே எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த மனிதர், திரையில் யார் சும்மா என்றாலும் கீழே வேற்று மொழியில் ஒரு வரி போட்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியாரிடம் காதோடு காதாகக் கேட்டேன். "'எங்களுக்கு வாழ்க்கையே இல்லை'ன்னு போட்டிருக்கான்" என்றார்.

இதோடு போயிருந்தால் முணுமுணுத்துவிட்டு எழுந்து வந்திருப்போம். ஆனால் எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுத் தையல்காரி உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் அவள் மகள். மகளை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பம்பரம் என்றால் போதும். விடிந்தால் அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பாள், அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுப்பது. போகிற வீட்டில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும் அவளே. பள்ளிப் படிப்பு முடிந்ததும் டவுன் மருந்துக்கடையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். முதலாளி வரச் சொல்லியும்விட்டார். அங்கே இருந்துகொண்டே மேற்கொண்டு மருந்துப் படிப்பு படிக்கலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அந்தச் சமயத்தில்தான் டவுன் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். ஆளுயரத்துக்குப் பம்பரத்தின் முகம், வாய் பிளந்து கொட்டாவி.

முதலாளி போஸ்டரைப் பார்த்தார். "தூங்குமூஞ்சிகிட்ட மருந்தைக் குடுத்து எடுத்துக் குடுன்னா, உயிர் சமாச்சாரம் இல்லையா? படத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பார்ப்பதற்குத்தான் வந்திருந்தார். முன்வரிசையில் ஓரமாக, கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டு. தாயும் மகளும் திரையைப் பார்க்கவில்லை, அவருடைய பின்மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. விருது கிடைத்ததே இதற்காகத்தான் என்றார்கள். பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் பம்பரம் உட்கார்ந்திருக்கிறாள். ஈயை விரட்டுகிறாள். சாலையின் இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். ஒரு பஸ் வந்து நின்று போகிறது, அவள் ஏறவில்லை. நிழல் காலடியிலிருந்து நகர்ந்து சுவரில் ஏறுகிறது. கொட்டாவி. இன்னொரு பஸ். அதிலும் ஏறவில்லை. அங்கேதான் முன்வரிசை கைதட்டிச் சிரித்தது. போவதற்குக்கூடத் துப்பில்லாத பெண் என்று நினைத்துக்கொண்டார்கள் போலும்.

தையல்காரி பின்னால் திரும்பி என் முழங்காலைப் பிடித்தாள்.

"அக்கா, இது நடிச்சது இல்லக்கா. காலைல பஸ் ஸ்டாப்ல வந்து உக்காரு, நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லியிருந்தாங்க. இவ பகல் பூரா காத்துக் கெடந்தா. சாயங்காலமா வேன்லேருந்து இறங்கி, இன்னிக்கு வெளிச்சம் சரியில்ல, இன்னொரு நாள் பாக்கலாம்னு அனுப்பிட்டாங்க."

"வேன் எங்கே நின்னுச்சாம்?"

"எதுத்தாப்ல. மரத்தடியில. திரை போட்டு. ஆள் இல்லாத வண்டின்னு இவ நெனச்சிட்டா."

ஒரு பிள்ளையைப் பகல் முழுக்க வெயிலில் உட்கார வைத்துவிட்டு, எதிரே மரத்தடி நிழலில் திரைக்குப் பின்னால் இவர்கள் கேமராவோடு குந்திக்கொண்டு, பாருங்கள் இவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று உலகத்துக்குக் காட்டுவதாம். அதற்குப் பெயர் கலையாம். யார் வேலையற்றவர்கள்? இவர்கள் வருவதற்கு முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்த ஊரில் உண்டா?

விளக்கைப் போட்டார்கள். இயக்குநர் மைக்கை வாங்கி, தாம் எவ்வளவு நெகிழ்ந்துபோயிருக்கிறார் என்று சொன்னார். பஸ் நிறுத்தக் காட்சியைப் பற்றி ஒருவர் கேட்டதும் முகம் மலர்ந்தது. "அந்தப் பெண் அதில் நடிக்கவே இல்லை. அது அவளுடைய இயல்பு. அந்த வெறுமை அவளுக்குள்ளேயே இருக்கிறது."

மருந்துக்கடைக்காரர் கைக்குட்டையை மடித்தார். நான்காக மடித்து, மறுபடியும் மடித்தார். பம்பரம் எழுந்து நின்றாள். அவள் அம்மா தாவணியைப் பிடித்து இழுத்தது எனக்குத் தெரிந்தது. அவள் உதறிக்கொண்டாள்.

"சார், நான் சும்மா உக்காந்திருக்கல. உங்களுக்காகத்தான் காத்துட்டு இருந்தேன்."

அறை அதிர்ந்தது. கைதட்டல். முன்வரிசையில் துணிப்பை மாட்டிய ஒரு அம்மாள், "ஐயோ, என்ன வசனம்!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இயக்குநர் இரண்டு கைகளையும் விரித்தார். "பார்த்தீர்களா? இதைத்தான் சொன்னேன். இதை யாராலும் எழுத முடியாது."

"வசனம் இல்ல சார். நீங்கதான் வரச் சொன்னீங்க. நீங்க வேனுக்குள்ளயே இருந்திருக்கீங்க. நான் ரெண்டு பஸ்ஸ விட்டேன்னா, நீங்க வந்து தேடுவீங்களேன்னு விட்டேன்."

மறுபடியும் சிரிப்பு. மில்காரர் மகன் பின்னாலிருந்து, "ஏய், சிரிக்காதீங்கடா, அவ நெஜமாச் சொல்றா!" என்று கத்தினான். அதற்கும் சிரித்தார்கள், அவனும் படத்தில் வந்த பையன் ஆயிற்றே. அவன் வாயைத் திறந்தாலே நகைச்சுவை என்று முடிவாகிவிட்டது. அவன் முகம் செத்துப்போயிற்று. இந்த ஊர்ப் பிள்ளைகள் இனி அழுதால்கூட நன்றாக அழுகிறார்கள் என்று சொல்வார்கள்.

மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை, கைதட்டவுமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வெளியே நடந்தார். பம்பரம் செருப்பைக்கூடத் தேடாமல் பின்னாலேயே ஓடினாள். நானும் காற்று வாங்க வெளியே வந்தேன், அவர்கள் நின்ற பக்கமாகத்தான் காற்று நன்றாக வந்தது.

"ஐயா, நாளைக்கு வரட்டுங்களா?"

அவர் அவளைப் பார்த்தார், பிறகு கைதட்டல் கேட்கிற அறைப் பக்கம் பார்த்தார்.

"பாக்கலாம்மா."

இந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லுக்கு அந்த இயக்குநர் கீழே என்ன வரி போட்டிருப்பாரோ. எங்களுக்கே புரியவில்லை. வீடு திரும்பியதும் தையல்காரி மெஷினில் உட்கார்ந்து நூலே கோர்க்காமல் மிதித்துக்கொண்டிருந்தாள். "பாக்கலாம்னா வேணாம்னு அர்த்தமாக்கா?" என்று குட்டைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள். "அது சொல்றவங்க மூஞ்சியைப் பொறுத்தது" என்றேன். "மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றாள். சுரத்தில்லாமல்தான் இருந்தது. "முதல்ல நூலைக் கோரு" என்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பம்பரம் ஏறினாள். எனக்கும் டவுனில் தலைவலி மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. தலைவலி இன்னும் வரவில்லை, போகிற வழியில் வந்துவிடும். "என்ன அத்தை, எங்கே?" என்றாள். சும்மா என்று சொல்ல வந்து, மாத்திரை வாங்க என்றேன். அவள் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சீட்டு காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வந்தாள். இனி எந்தக் கண்ணும் தன்னை உட்கார்ந்திருக்கப் பார்க்கக்கூடாது என்பது போல.

கடை இன்னும் திறக்கவில்லை. வாசலில் இரண்டு மூன்று பேர் சீட்டோடு நின்றார்கள். முதலாளி வந்தார், அவளைப் பார்த்தார். குனிந்து பூட்டைக் கழற்றி ஷட்டரைத் தூக்கினார். பாதி உயரத்தில் ஒரு பக்கம் சிக்கிக்கொண்டது. அவர் தோளைக் கொடுத்து முக்கினார். மூச்சு வாங்கியது. பம்பரம் பையை என் கையில் திணித்துவிட்டுப் போய் மறுமுனையைப் பிடித்தாள். எதிரே பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அவளுடைய கொட்டாவி, காலை வெயில் பட்டுப் பளபளத்தது. சீட்டோடு நின்றவர்களில் ஒருவர் போஸ்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முதலாளி ஷட்டருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, பம்பரத்திடம் "நீ அந்தப் பக்கம் தூக்கு" என்றார். நாலு கைகளும் மேலே, தகரம் கிறீச்சிட்டு ஒரு சாண் உயர்ந்தது. உள்ளே இருட்டில் மருந்துக் குப்பிகள் வரிசை வரிசையாகத் தெரிய ஆரம்பித்தன.