முற்றத்தை ஒழுங்காக்கவும்

திங்கட்கிழமை மதியம், குழந்தைகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த நேரம், பகல்நேரக் காப்பகத்தின் சாப்பாட்டு அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோரம், மூன்று வயதுப் பிள்ளைக்கான நாற்காலியில், முழங்கால் தாடையை இடிக்க, நகராட்சிக் கல்வி அலுவலர் கார்லோ சோர்வாலி. எதிரே, ஹீட்டரை ஒட்டிய பெஞ்சில், பெற்றோர் சங்கத் தலைவன் இல்க்கா ஹுவோவினன். மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவன். செருப்பு, பூட்ஸ் எல்லாம் வாசலில் கழற்றிய பிறகு அவன் சாக்ஸின் ஓட்டை வழியே பெருவிரல் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவருகே, கோட்டைக் கழற்றாமல், பல் மருத்துவமனை நர்ஸ் பிரித்தா கெத்துனன். மேஜையின் தலைமாட்டில், காப்பிக் கெட்டிலுக்குப் பக்கத்தில், காப்பகத்தின் தலைவி தைமி ரௌதியோ. பெரியவர்களுக்கான நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில் அது காலியாகவே கிடந்தது.

பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாது என்பதால் சண்டை முழுவதும் குசுகுசுப்பிலேயே நடந்தாக வேண்டும். தைமிக்கு அதுவே பாதி எரிச்சல்.

"நீங்க எழுதிப் போட்டபடிதானே அத்தை செஞ்சோம்?" என்றான் இல்க்கா. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே காப்பகத்தில் அவன் மூக்கைத் துடைத்துவிட்டவள் தைமி. பிள்ளை பெற்ற பிறகும் அவளை அவன் அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து, முற்றத்தின் சரளைக்கல்லை வாரியெடுத்துவிட்டு, காட்டுத் தரையையே கம்பளம்போலச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்தார்கள். பாசி, ப்ளூபெர்ரிச் செடி, மக்கிய கட்டை, அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர். பிள்ளைகள் அதில் உருண்டார்கள், தோண்டினார்கள், யாரும் பார்க்காதபோது தின்றார்கள். மாதாமாதம் அவர்களுடைய தோலைப் பஞ்சால் ஒற்றியெடுத்தும், டயப்பரில் இருந்ததை டப்பாவில் அடைத்தும் ஆய்வுக்கு அனுப்பினாள் தைமி. காப்பகத்து ஃப்ரீசரில் ஒரு தட்டு மீன் துண்டு, ஒரு தட்டு டப்பா. சமையல்காரி இதற்காகவே வேலையை விட்டுப் போனாள்.

பெற்றோர் கேட்டால் தைமி இப்படிச் சொல்வாள்: "நம்ம உடம்புக்கு ஒரு காவல்காரன் இருக்கான். யாரு திருடன், யாரு பக்கத்து வீட்டுக்காரன்னு சின்ன வயசுலயே அவனுக்குச் சொல்லித் தரணும். குடல்லயும் தோல்லயும் குடியிருக்கற நுண்ணுயிருங்கதான் அந்த வாத்தியார். வாத்தியார் இல்லாம வளர்ந்த காவல்காரன் முட்டையை அடிப்பான், பாலை அடிப்பான், பூவோட மகரந்தத்தையும் அடிப்பான். அதுதான் அலர்ஜி. இது நிஜமான்னு பாக்கத்தான் இந்த ஆய்வு."

கடைசி மாதிரி எடுப்பது வருகிற வியாழக்கிழமை. பிள்ளைகளிடமிருந்தும் எடுப்பார்கள், முற்றத்து மண்ணிலிருந்தும் எடுப்பார்கள், இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதை வைத்துத்தான் ஊரிலுள்ள மற்ற காப்பகங்களுக்கும் காட்டுத் தரை போடுவதா வேண்டாமா என்று ஜூன் மாதம் நகரசபை ஓட்டெடுக்கும். இந்த ஓட்டெடுப்பு வரை விஷயத்தைக் கொண்டுவர அவள் ஏறாத படியில்லை.

வெண்ணெய் திரளும்போதுதான் தாழி உடைந்தது. பனி உருகியதும் வழக்கம்போல வசந்த காலத் தல்கோத்துக்கு நாள் குறித்தாள். தல்கோத் என்றால் ஊர் கூடிச் செய்யும் வேலை: கூலி கிடையாது, சூப்பு உண்டு. அறிவிப்புப் பலகையில் தன் கையாலேயே எழுதினாள்: "சனிக்கிழமை தல்கோத். முற்றத்தை ஒழுங்காக்கவும். பட்டாணி சூப்பு உண்டு." அவள் மனதில் இருந்தது வேலியும் உடைந்த ஊஞ்சலும். வந்தவர்கள் கண்ணில் பட்டதோ குளிர்காலம் மிதித்துப்போட்ட அழுகல் பாசியும், காளான் பிடித்த கட்டையும். ஒழுங்கு என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இந்த ஊர்க்காரன் எவனாவது கையைக் கட்டிக்கொண்டு நிற்பானா?

சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. தைமி பட்டாணியைக் கிண்டிக்கொண்டே இயந்திரத்தின் உறுமலைக் கேட்டாள். எவ்வளவு உழைப்பாளிகள் என்று நெகிழ்ந்துகூடப் போனாள். பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் முற்றம் முழுக்கப் பளிச்சென்று புதுச் சரளை. அதன் மேல் வியர்வையோடு சிரித்துக்கொண்டு நின்றது சனம். தல்கோத்துக்கு வந்தவரைத் திட்டுகிற வழக்கம் எங்கேயும் கிடையாது. "ரொம்ப நன்றி" என்று சொல்லி ஆளுக்கு இரண்டு கரண்டி ஊற்றினாள்.

"அந்த மண்ணை எங்கடா கொட்டின?" என்றாள் இப்போது.

"ரோட்டு வேலை நடக்கற பள்ளத்துல."

"திரும்ப அள்ள முடியுமா?"

இல்க்கா பெருவிரலைச் சாக்ஸுக்குள் இழுத்துக்கொண்டான். "மேல பழைய தாரைப் போட்டு உருட்டிட்டாங்க அத்தை."

"சரி, அழுது என்ன பண்றது," என்றாள் பிரித்தா. "இல்க்காவோட காட்டுலருந்து புதுசா கொண்டாந்து போடுவோம். வியாழக்கிழமை ஆய்வுக்கு வர்றவங்களுக்கு எதுவும் சொல்ல வேண்டாம்."

"ரெண்டே லோடு," என்று இல்க்கா நிமிர்ந்தான். "அதே பாசி, அதே கட்டை. காட்டுக்குக் காடு என்ன வித்தியாசம்?"

சோர்வாலி காப்பியை உறிஞ்சினார். "நான் காப்பி குடிக்க வந்தேன். என் காதுல எதுவும் விழல."

"உனக்குப் பள்ளிக்கூடத்துலயே காது வேணும்போதுதான் கேக்கும், கார்லோ," என்றாள் தைமி. இருவரும் ஒரே வகுப்பு. பிறகு இல்க்கா பக்கம் திரும்பினாள். "உன் காட்டுல இருக்கறது உன் காட்டு உயிர். பிள்ளைங்க மேல ரெண்டு வருஷமா ஏறினது வேற. வியாழக்கிழமை ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒத்துப்போகாது. 'மண்ணுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்ல'ன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. நாம மறைக்கறதே நமக்கு எதிரா சாட்சி சொல்லும்டா!"

கடைசி வார்த்தையில் குரல் உயர்ந்துவிட்டது. அடுத்த அறையில் யாரோ புரண்டு படுத்தார்கள். நால்வரும் மூச்சைப் பிடித்தபடி இருந்தார்கள்.

"உண்மையச் சொன்னா?" என்று கேட்டாள் பிரித்தா.

"நம்ம காப்பகத்தை ஆய்வுலருந்து எடுத்துருவாங்கன்னு நினைக்கறேன்."

"ஓட்டெடுப்பு?"

சோர்வாலிக்குக் காது திரும்ப வந்தது. "அரைகுறை ஆய்வை நம்பி சபை பணம் ஒதுக்காது. ரப்பர் தரைக்கு டெண்டர் தயாரா இருக்கு. இங்கயும் சேத்துத்தான்."

பிரித்தா எழுந்து நின்றாள். "எம் பொண்ணு ஹெல்கா இந்தக் குளிர்காலம் கையுறை போடாம தூங்கினா. முன்னெல்லாம் காலையில போர்வையெல்லாம் ரத்தம், அப்படிச் சொறிவா. எனக்கு அந்தப் பாசி போதும். ஆய்வு என்னத்தையாவது எழுதிக்கட்டும்."

"பாசியாலதான் ஆறிச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும், பிரித்தா? வயசு ஏறினதாலயா, நீ மாத்தின சோப்பாலயா? அதைத் தெரிஞ்சுக்கத்தானே இத்தனை பாடு."

"எம் பிள்ளையோட தோலு உங்களுக்கு ஆராய்ச்சி, அப்படித்தானே?"

காப்பியைத் தொடாமலே போனாள். அவ்வளவு கோபத்திலும் தூங்குகிற பிள்ளைகளுக்காகக் கதவை ஓசையில்லாமல் சாத்தினாள். ஓங்கி அறைந்திருந்தால் தைமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முற்றத்தில் எந்த மாற்றம் நடந்தாலும் காப்பகத் தலைவி கையெழுத்திட்ட கடிதம் வர வேண்டும் என்பது ஆய்வின் விதி. தைமி தாளை எடுத்து எழுதினாள்: "கடந்த சனிக்கிழமை முற்றத்துத் தரை அகற்றப்பட்டு, சரளை பரப்பப்பட்டது."

சோர்வாலி எட்டிப் பார்த்தார். "பிரமாதம். யாரு செஞ்சாங்கன்னே இல்ல, பாரு. எங்க அறிக்கையெல்லாம் இப்படித்தான் இருக்கும்."

அவ்வளவுதான். தாளைக் கசக்கி மீதிக் காப்பிக்குள் போட்டாள். இன்னொன்று எடுத்தாள்.

"என் பேரைப் போடுங்க அத்தை," என்றான் இல்க்கா. "இயந்திரம் என்னுதுதானே."

"போட மாட்டேன்."

"ஏன்?"

"தல்கோத்துக்கு வந்தவன் பேரை எழுதிட்டா அப்புறம் இந்த ஊர்ல எவன் வருவான்? ஒழுங்காக்கவும்னு எழுதினது நானு. சூப்பு காய்ச்சினதும் நானு."

எழுதினாள்: "முற்றத்தை ஒழுங்காக்கவும் என்று நான் பெற்றோருக்கு எழுதினேன். எதைத் தொடக்கூடாது என்று எழுதவில்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடு காட்டுத் தரையை அகற்றிவிட்டார்கள். மண் மீட்க முடியாத நிலையில் உள்ளது. வியாழக்கிழமை எடுக்கும் முற்றத்து மண்ணை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். ஆனால் பிள்ளைகளிடம் இரண்டு வருஷமாகச் சேர்ந்தது ஒரு சனிக்கிழமையில் போய்விடுமா என்பது எனக்குத் தெரியாது. அதையாவது பார்க்க வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியம் கெஞ்சுவதுபோல் இருந்தது. கோடிட்டு அடிக்கப் போனாள், பிறகு விட்டுவிட்டாள். கெஞ்சல்தான்.

சோர்வாலி நாற்காலியிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். குரலில் இப்போது கிண்டல் இல்லை. "தைமி, ஒண்ணே ஒண்ணு கேளு. வியாழக்கிழமை மாதிரியை நான் தள்ளிவைக்கச் சொல்றேன். ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் இதை மேஜைக்குள்ள வையேன். அப்புறம் போடு. பொய்யும் இல்ல, நஷ்டமும் இல்ல. எத்தனை காப்பகம், எத்தனை பிள்ளைங்க, யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அந்தக் காப்பகங்களின் ரப்பர் தரை ஒவ்வொன்றையும் அவள் நேரில் பார்த்திருக்கிறாள். மழை பெய்தாலும் அதில் சேறு ஆகாது.

"ஓட்டுப் போடறவங்க தப்பான கணக்கை நம்பிப் போட வேண்டாம்," என்றாள் கடைசியில். "இந்த வருஷம் தோத்தா, அடுத்த வருஷம் உன் ஆபீஸ் வாசல்ல திரும்ப நிப்பேன். அதுக்குள்ள காதைச் சரி பண்ணி வை."

"நின்னாலும் நிப்ப," என்று முனகினார் சோர்வாலி.

கையெழுத்திட்டு, கடிதத்தை உறையிலிட்டு, அதன் ஓரத்தை நாக்கால் நனைத்தாள். பசை கசந்தது. ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள், தேவைக்கு மேலேயே. உள்ளே ஒரு பிள்ளை எழுந்து அழ ஆரம்பித்தது. பார்த்துக்கொள்ளச் சொல்லி இல்க்காவை அனுப்பிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு புதுச் சரளை மேல் நறநறவென்று நடந்து கேட்டைத் தாண்டினாள். தெருமுனையில் இருந்த தபால் பெட்டியின் வாய் துருவேறி இறுகியிருந்தது. ஒரு கையால் மூடியைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கடிதத்தை உள்ளே திணித்தாள்.