அஜாடி போடாமல் விட்ட கோடு

ஒகே-இரோமி கிராமர் ஸ்கூலின் பிரின்ஸிபால்கள் பெயர்ப்பலகையில் பெயரையும் வந்த ஆண்டையும் எழுதுவது எசேக்கியேல் அஜாடியின் வேலை; போகிற ஆண்டை எழுதுவது பலகையின் வேலை. 1949இல் புது மண்டபம் கட்டியபோது, மருந்தகத்துக்குப் பின்னால் நின்ற இரோகோ மரத்தை வெட்டி அந்தப் பலகையைச் செய்தார்கள். இரோகோவை வெட்டுமுன் அதனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது ஊர் வழக்கம். முதல் பிரின்ஸிபாலாக இருந்த பாதிரியார் ஹாக்வெல் அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். லாரிகளுக்கும் முடிவெட்டும் கடைகளுக்கும் போர்டு எழுதிக்கொண்டிருந்த அஜாடியைக் கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, மனைவி பிரசவத்தில் போய்ச்சேர்ந்து மூன்று வருடம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகள் அபேகேயைக் கூடவே கூட்டிவந்து ஏணிக்குக் கீழே உட்காரவைத்துவிட்டு, மஞ்சள் பெயிண்டில் பாதிரியாரின் பெயரை எழுதி, 1932 என்று போட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து நிறுத்தினார். அவர் ஏணியைவிட்டு இறங்கும்போதெல்லாம் அந்தப் பொடிசு கீழேயிருந்து, "பாத்து எறங்குங்க பாபா" என்று பெரிய மனுஷி கணக்காகச் சொல்லும். இருவரும் வெளியே போய் ஆளுக்கு இரண்டு அகாரா வடை தின்றுவிட்டு வந்து பார்த்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம் 1951 என்று இருந்தது. கையெழுத்து அஜாடியுடையதேதான், ஒன்பதின் வாலை நீட்டி இழுக்கிற அவருடைய கெட்ட பழக்கம் உட்பட.

பாதிரியார் கண்டபடி திட்டினார். அஜாடி டர்பன்டைன் போட்டுத் துடைத்தார். மறுநாள் 1951 திரும்ப வந்தது. மூன்றாம் தடவை துடைக்க அவருக்கே சலிப்பாகிவிட்டது. 1951இல் மிஷனிலிருந்து கடிதம் வந்து பாதிரியார் கப்பலேறிய பிறகு யாரும் அஜாடியைத் திட்டவில்லை. இரண்டாவதாக வந்த லத்தீன் வாத்தியார் சொவெமிமோ தன் பெயருக்கு நேரே 1958 வந்ததைப் பார்த்து, ஏழு வருடம் தாராளம் என்று சொல்லிவிட்டு, வாசல் வரைக்கும் இரண்டு வரிசை மாமரம் நட்டார். 1958 டிசம்பர் கடைசி நாள் வரை ஒன்றும் நடக்கவில்லை, ஊரே அவரைக் கேலி செய்துகொண்டிருந்தது; அன்று காலை முகச்சவரம் செய்து டை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாமவர் ஒடும்பாகு பலகைக்கு வெல்வெட் திரை தைத்துப் போட்டார், காலத்துக்குத் திரை தெரியும் என்று நினைத்தார் போலிருக்கிறது. பதவி உயர்ந்து இபாடான் கல்வி அலுவலகத்துக்குப் போனார். பள்ளியில் பெண்பிள்ளைகளைச் சேர்த்ததுதான் அவர் செய்த ஒரே நல்ல காரியம். முதலில் சேர்ந்த பெண் அபேகே. நான்காமவர் பலேபோ, ஆண்டு வருமுன்பே தப்பித்துவிடலாம் என்று பெட்டி படுக்கையோடு கிளம்பினார். ஏறிய லாரியெல்லாம் அவரைப் பள்ளி வாசலிலேயே கொண்டுவந்து இறக்கியது. நான்கு நாள் அலைந்துவிட்டு, ஐந்தாம் நாள் ஒன்றுமே நடக்காதவர் மாதிரி வகுப்புக்குப் போனார். பலகை சொன்ன 1971இல் காய்ச்சலில் இறந்தார். ஐந்தாவதாக அரசாங்கம் ஒரு ராணுவக் கேப்டனை அனுப்பியது. அவர் பலகையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார். ஆண்டு பின்பக்கமாக ஊறி வந்தது. ஆறாமவர் ஒகுந்துவாசே தங்கமான மனிதர், பிள்ளைகளை அடிக்கத் தெரியாதவர். 1984இல் சாலையைக் கடக்கும்போது லாரி அடித்துப் போய்விட்டார். ஆக ஆறு பேரில் மூன்று பேர் சவப்பெட்டியில்தான் வெளியே போனார்கள். இந்தக் கணக்கு ஊரில் வேறு யாருக்கும் முக்கியமாகப் படவில்லை, ஏழாவது பிரின்ஸிபாலாக அபேகே வரும்வரை அஜாடிக்கும் படவில்லை.

அபேகேவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். பள்ளியையே கட்டிக்கொண்டாள் என்று ஊரில் பேசுவார்கள், அதில் பொய்யொன்றும் இல்லை. அவள் பொறுப்பேற்ற வாரம் அஜாடிக்குத் தோள்வலி வந்தது. அடுத்த மாதம் மஞ்சள் பெயிண்ட் கிடைக்கவில்லை. அதற்கடுத்த மாதம் தூரிகையை எலி கடித்துவிட்டது. பலகையில் பெயர் ஏறாததால் இபாடானிலிருந்து வந்த கடிதங்களிலெல்லாம் அவள் 'ஆக்டிங் பிரின்ஸிபால்' என்றே இருந்தாள். அந்த நாற்காலிக்காகக் காத்திருந்து ஏமாந்த துணை பிரின்ஸிபால் ஃபனியிக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. "பலகையில பேரு இல்லாதவரைக்கும் ஆக்டிங்தான மேடம்" என்பார் ஆசிரியர்கள் அறையில், எல்லார் காதிலும் விழும்படி. "ஆக்டிங்னா நடிப்புன்னும் அர்த்தம் இருக்கு." பிள்ளைகளும் முதுகுக்குப் பின்னால் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். அபேகே ஒரு நாள் மதியம் ஒரு கிண்ணத்தில் அமலாக் களியும் எவேடுக் கீரையும் எடுத்துக்கொண்டு அப்பாவின் கடைக்குப் போனாள்.

"லாரி லாரியா எழுதுறீங்க. இங்க மூத்திரம் பெய்யாதேன்னு செவுரு செவுரா எழுதுறீங்க. எம் பேரை எழுத மட்டும்தான் கை வலிக்குதா பாபா?"

"ஹர்மட்டான் காத்து அடிக்குதும்மா. ஈரப் பெயிண்ட்ல தூசி ஒட்டும்."

"போன தடவை மழைன்னீங்க."

"அப்ப மழைதான பேஞ்சுது."

"எனக்குப் பயம் கெடையாது பாபா."

"உனக்கு எதுக்குப் பயம், என்னைப் பெத்தவளே. அதுக்குத்தான் நான் ஒருத்தன் இருக்கேன்ல."

அவள் சிரிக்கவில்லை. இபாடானிலிருந்து வேறொரு ஆளை வரவழைத்து எழுதச் சொன்னாள். மறுநாள் காலையில் அவன் எழுதிய எழுத்தெல்லாம் வேர்க்கடலைத் தோல் மாதிரி உரிந்து தரையில் கிடந்தது, பெருக்கிக் கொட்டினார்கள். பலகைக்கு அஜாடியின் கைதான் வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் அபேகே அப்பா முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிள்ளைகள் எதிரில் நடிகை மாதிரி நிற்கிறேன் என்று சொல்லி அழுதாள். ஐந்து வயதுக்குப் பிறகு அவள் அழுது அவர் பார்த்ததில்லை. மறுநாள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். பெயரை எழுதினார், மற்ற ஆறு பேருக்கும் எழுதியதைவிட அழகாக. 1984 என்று போட்டார். அதோடு தூரிகையைக் கழுவிவிட்டார். கோடு இல்லாவிட்டால் ஆண்டு எங்கே வந்து உட்காரும் என்று ஒரு மாதமாக யோசித்துக் கண்டுபிடித்த தந்திரம் அது.

"பாத்து எறங்குங்க பாபா" என்றாள் கீழே நின்ற அபேகே. பிறகு அண்ணாந்து பார்த்துவிட்டு, "கோடு எங்க?" என்றாள்.

"அழகா இல்லம்மா, விட்டுட்டேன்."

"எம்பத்திநாலுல வந்து எம்பத்திநாலுலயே போன மாதிரி இருக்கு."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

பலகை ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அஜாடி மண்டபத்துக்குப் போய் எட்டிப்பார்ப்பார், 1984க்கு அப்பால் வெறும் மரம் இருக்கும், நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அந்த மூன்று வருடம் போல அவர் வாழ்க்கையில் வேறு வருடங்கள் இல்லை. ஃபனியி வாயை மூடிக்கொண்டார். கூரை மாற்றினார்கள், நூலகத்துக்குக் கதவு வந்தது, ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் வந்தது. 1987 ஜூன் மாதம் பரீட்சைத் தாள்களை வாங்கிக்கொண்டு இபாடான் சாலையில் வரும்போது அபேகேயின் வண்டிமேல் எண்ணெய் லாரி ஏறியது. சனிக்கிழமை அவளை அம்மாவின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். பெற்றவர் பிள்ளையைப் புதைக்கும் இடத்துக்குப் போகக் கூடாது என்பதால் அஜாடியை வீட்டிலேயே பிடித்து வைத்திருந்தார்கள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அபேகே அசெம்பிளிக்கு வந்தாள்.

அடக்கத்தின்போது உடுத்திய நீல லேஸ் உடுப்பில்தான் வந்தாள், செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. மேடையில் நின்ற ஃபனியி ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "குட் மார்னிங் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார், வேறென்ன செய்வது. விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. பலகையில் அவளைப் போகச்சொல்லி எழுதவில்லை, அதனால் அவள் போகவில்லை. இது ஊரில் எல்லாருக்கும் சட்டென்று புரிந்தது. இபாடானில் புரியச் சற்று நாளானது. இறந்தவருக்குச் சம்பளம் கிடையாது என்று நிறுத்தினார்கள், ஆனால் அவள் கையெழுத்திட்டு அனுப்பிய படிவங்கள் ஒழுங்காக இருந்ததால் வாங்கிக்கொண்டார்கள். புதிதாக இரண்டு பேரை அனுப்பிப் பார்த்தார்கள். மேல் வரி முடியாமல் கீழ் வரி தொடங்காது என்று தெரிந்ததும் இருவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். அபேகே மணி அடித்தாள், வரலாறு எடுத்தாள், சாப்பிடுவதில்லை. பள்ளி வாசலைத் தாண்ட மட்டும் அவளால் முடியவில்லை. விடுமுறையில் பூட்டிய பள்ளிக்குள் ஆடுகளோடு தனியாக இருந்தாள். அஜாடி தினமும் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் அறையில் உட்கார்ந்துவிடுவார். மகளைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர். எனக்கு மட்டும் தினமும் பார்க்கக் கிடைக்கிறதே என்று மனதுக்குள் சந்தோஷப்படுவார், அந்தச் சந்தோஷத்துக்கு வெட்கமும் படுவார்.

முதல் வருட முடிவில் அவள் கேட்டாள். "களைப்பா இருக்கு பாபா. அந்தக் கோட்டைப் போட்டுருங்க. அம்மா முகத்தை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல, பாக்கணும்போல இருக்கு."

"இன்னும் ஒரு டெர்ம் போகட்டும்மா" என்றார் அஜாடி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டெர்ம் முடிவிலும் அவள் கேட்டாள், அவரும் அதையே சொன்னார். அப்பா பேச்சைத் தட்டாமல் வளர்ந்தவள், சரி பாபா என்று மணியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இப்படியே வருடங்கள் போயின. அவளுக்கு எடை குறைந்துகொண்டே வந்தது. ஹர்மட்டான் மாதங்களில் அசெம்பிளியின்போது காற்று தூக்கிவிடாமல் இரண்டு மாணவிகள் முறைவைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கென்று வகுப்புவாரியாகப் பட்டியல் இருந்தது. பிறகு மறதி வந்தது. உப்பு எப்படி இருக்கும் என்பது மறந்தது. வீடு எந்தத் தெருவில் என்பது மறந்தது. பள்ளி விஷயம் ஒன்றுகூட மறக்கவில்லை, எந்த வகுப்பில் எத்தனை பெஞ்சு என்பது வரை சொல்வாள். கடைசியாக ஒரு கோரிக்கை இருந்ததும் மறந்துபோய், கோட்டைப் போடச் சொல்லிக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அஜாடி அதை நல்லதுக்கு என்று எடுத்துக்கொண்டார். அவள் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தார்.

1998 பிப்ரவரியில் ஒரு நாள் முக்காலியோடு அறைக்குள் நுழைந்தவரை அபேகே நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க பாபா. எந்தப் புள்ளையப் பாக்க வந்தீங்க?"

கேலி செய்கிறாள் என்று நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே, "அபேகேயைத்தான்" என்றார்.

அவள் பதிவேட்டை எடுத்தாள். முதல் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பொறுமையாகப் பார்த்தாள். "அப்படி யாரும் இங்க படிக்கலையே பாபா. மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்கூலா இருக்கும், கேட்டுப் பாருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அறையைக் கடந்த எந்தக் கிழவனுக்கும் அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அஜாடி அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்த மகள் எப்போதோ கையைவிட்டுப் போயிருக்கிறாள், மிச்சம் இருப்பது பிரின்ஸிபால் மட்டும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முக்காலியை அங்கேயே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்தார். அழுது முடித்தபின் தூரிகையைத் தேடினார். அதை நிஜமாகவே எலி கடித்திருந்தது.

மறுநாள் புதுத் தூரிகையோடு ஏணியில் ஏறினார். எழுபத்தாறு வயது, ஃபனியி ஏணியைப் பிடித்துக்கொண்டார். 1984க்குப் பக்கத்தில் கோட்டை இழுத்தார். அது கோணலாகப் போனது. பிறகு காத்திருந்தார். மதியம் வரை பலகை ஒன்றும் எழுதவில்லை. பதினான்கு வருடம் தன்னை ஏமாற்றியவனுக்கு அது இந்த ஒரு வேலையை விட்டுவைத்திருந்தது. எந்த ஆண்டை வேண்டுமானாலும் போடலாம். 2050 என்று போடலாமா என்று ஒரு கணம் நினைத்தார், நினைக்காமல் இருக்க அவர் கல் அல்ல. 1987 என்று போடச் சொன்னார் ஃபனியி, கணக்குப்படி அதுதான் சரி என்றார். "அப்ப அதுக்கப்பறம் அடிச்ச மணியெல்லாம் யாரு அடிச்சது?" என்று கேட்டார் அஜாடி. அஜாடி 1998 என்று எழுதினார். இரண்டு ஒன்பதுகளின் வாலையும் நீட்டி இழுத்தார், எட்டின் கீழ்ச்சுழியை மெதுவாகக் கொண்டுவந்து மூடினார்.

"பாத்து எறங்குங்க பாபா."

இறங்கினார். அபேகே கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தை நன்றாகத் தெரிந்தவள் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஊர் முறைப்படி இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி வணங்கினாள். அவர் பெயிண்ட் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவள் தலையில் வைத்தார்.

"ரொம்ப நேரம் உக்கார வச்சிட்டேன்" என்றார்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுக்கறேன், நீ கெளம்பு. அம்மாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு."

மாமரங்களுக்கு நடுவே நடந்துபோய், வாசலைத் தாண்டி, சமாதிகள் இருக்கும் பக்கமாகத் திரும்பினாள். பிள்ளைகள் ஜன்னல்களில் நின்று பார்த்தார்கள். அன்று மணி அடிக்க மறந்துபோய் நான்காம் பீரியட் மூன்று மணி வரை நடந்தது.

எட்டாவது பிரின்ஸிபாலாக ஃபனியியின் பெயரை அதே வாரம் அஜாடி எழுதிக் கோடும் போட்டார். பெயிண்ட் காயுமுன்பே 1999 என்று வந்தது, ஃபனியி ஓய்வுபெறும் ஆண்டு. அதற்குப் பிறகும் அஜாடி சில திங்கட்கிழமைகளில் பழக்கதோஷத்தில் பள்ளி வாசல் வரை வந்துவிட்டு, அசெம்பிளிப் பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். முக்காலியை யாரும் எடுக்கவில்லை, அந்த அறையிலேயே இருந்தது. அந்த வருடக் கடைசியில் இபாடானிலிருந்து வந்த புது ஆய்வாளர் மண்டபத்தில் நின்று பலகையைப் படித்துக்கொண்டே வந்தவர் ஏழாவது வரியில் நின்றார். கோடு கோணலாக இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

"பதினாலு வருஷமா? இவ்வளவு நாள் வேற யாரும் இல்ல போலயே, அந்தப் பாதிரியாரைத் தவிர."

"இல்ல சார்" என்றார் ஃபனியி. "ஒரு நாள்கூட லீவு போடல."

ஆய்வாளர் அதைக் குறித்துக்கொண்டார்.