காலர் மடிப்பு

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைப் பிரித்து, அக்காவின் சீருடைச் சட்டையைத் தையல் மேசைமேல் விரித்தான் தம்பி. அவன் தைத்த சட்டை. காலரிலிருந்து அடிவரை இரண்டாகக் கிடந்தது. கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் அவள் வேலை பார்த்த பஸ் டிப்போ ஆட்கள்.

ஓட்டுநர் மீசைக்காரர் வாசலிலேயே நின்றார். "நான்தான் தம்பி வெட்டினேன்."

அவன் சட்டையின் இரு பாதிகளையும் சேர்த்து வைத்தான்.

டிப்போச் சுவரில் ஷாக் பெட்டியை மாட்ட வைத்ததே அக்காதான். நின்றுபோன இதயத்தை உலுக்கி எழுப்பும் பெட்டி. மேலாளர் அறைக்கு நடையாய் நடந்து வாங்கினாள். தரையில் பொம்மையைப் போட்டு எல்லோரையும் பழக்குவாள்.

"விழுந்தது பொம்பளைன்னா கையக் கட்டிட்டு நிப்பீங்கடா, எனக்குத் தெரியாதா? மொதல்ல துணிய வெட்டு, ஷாக் பட்டைய நெஞ்சுல ஒட்டு. வெக்கத்த வீட்ல போய்ப் பட்டுக்கோ!"

ஷாக்கக்கா என்று பேர் வைத்துச் சிரித்தார்கள்.

நேற்று டிப்போவில் அவளே நெஞ்சடைத்து விழுந்தாள். அப்போதிலிருந்து தம்பிக்கு ஒரே கேள்விதான். தயங்கினார்களா? கேட்க வாய் வரவில்லை.

வெட்டின ஓரத்தை விரலால் தடவினான். தயங்கின கை நின்று நின்று வெட்டும். துணி பல் பல்லாக நிற்கும். இது ஒரே ஓட்டம். காலரில் மட்டும் கடித்துக் குதறியிருந்தது.

"இங்க என்னண்ணே?"

"பெட்டியில இருந்த கத்தரி மொக்க தம்பி. மடிப்புல எறங்கல. பல்லால கிழிச்சேன். ரெண்டாவது ஷாக்ல மூச்சு வந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இருந்துச்சு..." கூடத்துப் பக்கம் பார்த்தார். "அத்தன பேரு முன்னாடி அக்கா சட்டைய... மன்னிச்சிடுப்பா."

"மன்னிப்புக் கேட்டீங்கன்னு தெரிஞ்சா எந்திரிச்சு வந்து திட்டுவா."

மீசைக்காரர் சிரித்துக்கொண்டே அழுதார்.

தம்பியின் கத்தரிக்கோலை யாரும் தொட முடியாது. ஒருமுறை அக்கா அதில் காகிதம் வெட்டிவிட, ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் டிப்போவுக்குப் போனான். பெட்டிக்குள் புதுப் பட்டைகள் வைத்திருந்தார்கள். மொக்கைக் கத்தரியை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தான்.

"டேய், இது உன் தொழில் கத்தரியாச்சே! நுனிய என்ன பண்ணின?" என்றார் மீசைக்காரர்.

"கல்லுல தேச்சு மழுக்கிட்டேன்."

மறுபடி எடுத்து, நுனியைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திப் பார்த்தான். குத்தவில்லை. உள்ளே வைத்து மூடினான்.