எந்த ஏரியான்னு சொல்லுக்கா

1

இந்தக் கதை ஒரு தாழ்ப்பாளிலிருந்து பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி இந்தப் பெரிய நகரத்துக்கு வேலைக்கு வந்து, வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறாள். பார்க்கப் போகும் வீடுகளிலிருந்து எனக்குப் படம் அனுப்புகிறாள். எல்லோரும் சமையலறையை எடுப்பார்கள், ஜன்னலை எடுப்பார்கள். இவள் அனுப்புவது படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள். கிட்டத்தில் போய், துருவும் திருகாணியும் தெரிகிற மாதிரி. கீழே ஒரே கேள்வி: "இந்த ஏரியா எப்படிக்கா?"

தாழ்ப்பாளைப் பார்த்து ஏரியாவுக்குப் பலன் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த இடத்தில் கதை இருக்கும் என்று நம்புகிறவள் நான். அவளுக்குப் பதில் அனுப்பாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: அந்த மாநகரம் தன் ஆயிரம் கைகளை விரித்து

(வேண்டாம். மாநகரத்துக்குக் கையும் காலும் வைத்து எழுதுவதை இனியாவது விட்டுவிட வேண்டும்.)

இரண்டாம் தொடக்கம்: அவன் ரயிலை விட்டு இறங்கியபோது

(ஆமாம், "அவன்". முதலில் அவளை ஆணாக்கிப் பார்த்தேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அரைப் பக்கத்துக்கு மேல் நகரவில்லை. வீடு பார்க்க வரும் ஆண்கள் தாழ்ப்பாளைப் பார்ப்பதில்லை, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.)

மூன்றாவதுதான் காலூன்றி நின்றது. அதையே வைத்துக்கொள்வோம்.

2

அவளுக்கு வேலை ரத்தம் எடுப்பது. லேபில் எல்லோரும் அவளை "ஊசி" என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஐந்தரைக்கெல்லாம் ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். சர்க்கரைக்காரர்கள் வாயில் எதுவும் போடுவதற்கு முன்னால் போயாக வேண்டும். எட்டு மணிக்குள் பன்னிரண்டு வீடு. முழங்கை மடிப்பில் இரண்டு தட்டு, "அந்தப் பக்கம் பாருங்க சார்" என்று ஒரு வார்த்தை. சார் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

தங்கியிருப்பது பெண்கள் விடுதியில். ஞாயிற்றுக்கிழமை காலி செய்ய வேண்டும். அதற்குள் வீடு பிடித்தாக வேண்டும் என்பதால், வேலை முடிந்ததும் புரோக்கரைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தாள்.

முதல் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னால், லேபிலிருந்து கொஞ்ச தூரம்தான். புரோக்கருக்கு வாய் ஓயவில்லை.

"காத்து பிச்சுக்கிட்டு வரும்மா. தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது. பக்கத்திலேயே பஸ் ஸ்டாப்பு."

அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராகப் படுக்கையறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள், உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

"அண்ணே, வெளிய இருந்து தள்ளுங்க."

"என்னம்மா?"

"கதவைத் தள்ளுங்கண்ணே."

புரோக்கர் விரல் நுனியால் தள்ளினார்.

"இப்படி இல்லண்ணே. கோவமா தள்ளுங்க."

"யாரு மேலம்மா கோவம்?"

"சும்மா தள்ளுங்கண்ணே."

அவர் இரண்டடி பின்னால் போய்த் தோளால் இடித்தார். இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்ந்து வந்தது. பிடிமானம் போன புரோக்கர் அறைக்குள் வந்து விழுந்தார். அவள் அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "இந்த வீடு ஆகாதுண்ணே" என்றாள்.

(இந்த இடத்தை எழுதும்போது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீங்களும் சிரித்திருந்தால் தப்பில்லை. கொஞ்ச நேரத்துக்கு.)

இரண்டாம் வீடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், மாடியில். வீட்டுக்கார அம்மாள் நல்ல மாதிரி. தாழ்ப்பாளும் அப்படித்தான், கனத்த இரும்பு. புரோக்கர் நாலு தடவை இடித்தும் அசையவில்லை. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"உள்ளே பூட்டு வேற இருக்கு பாரு" என்றார் வீட்டுக்கார அம்மாள். "நீ மாட்டிக்கிட்டாலும் பயமில்லை. என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. எப்ப வேணாலும் திறந்துடலாம்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். புரோக்கர் பின்னாலேயே ஓடினார். "இதுல என்னம்மா குறை?" அவள் தெருமுனையில் நின்று எனக்கு ஒரு படம் அனுப்பினாள்.

3

இங்கே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து படித்தால், இந்தப் பெண்ணை நம்ப முடியவில்லை. யாராவது இப்படிச் செய்வார்களா? வாசகர் கேட்பாரே? ஏதாவது காரணம் வைக்க வேண்டும். சின்ன வயதில் எங்கோ திருடன் வந்தான் என்று வைக்கலாம். சின்ன வயதில் ஒருநாள் அவர்கள் வீட்டில்

(இல்லை. பூசி மெழுகுகிறேன்.)

இன்னொரு குளறுபடியும் செய்திருக்கிறேன். தொழிற்பேட்டை, ஆஸ்பத்திரி என்று நான் காட்டிய ஏரியாக்களை ஒரு தாளில் குறித்துப் பார்த்தேன். இரண்டும் என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அவள் லேபையும் கதையில் தூக்கிக்கொண்டு போய் நகரத்தின் மறுகோடியில் வைத்திருக்கிறேன். எழுதுகிறவளுக்கு இருக்கிற சௌகரியம் அது, கட்டடத்தைக்கூடக் கேட்காமல் நகர்த்தலாம். நிஜத்தில் அந்த லேப் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஜன்னலைத் திறந்தால் அதன் பெயர்ப்பலகை தெரியும்.

"இருபது வருஷமா இங்க இருக்கியே, எந்த ஏரியான்னு சொல்லுக்கா" என்று அவள் கேட்டபோதெல்லாம் நான் வாய் கூசாமல் சொன்னவை அந்தத் தூரத்து ஏரியாக்கள்தான். "இந்தப் பக்கம் வேணாம்டி, ஒரே இரைச்சல்."

4

தெரிந்த பெண் ஒருத்தி என்று எழுதினேன் அல்லவா? என் தங்கை. கூடப்பிறந்தவள். அவளை ஆணாக்கப் பார்த்ததும் இதனால்தான், அடையாளம் தெரியக் கூடாது. அவளுடையது இல்லை, என்னுடையது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு பகல் நேரம், நான் ஒரு கட்டுரையை முடிக்கிற அவசரத்தில் இருந்தேன். அவள் புருஷன் வீட்டிலிருந்து போன் செய்தாள். குரல் மெதுவாக வந்தது. பின்னால் ஏதோ இடிக்கிற சத்தம்.

"அங்க என்னடி சத்தம்?"

"கதவுக்கா. நான் உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கேன். அவர் வெளிய நிக்கிறார். அக்கா, நான் அங்க வந்துடட்டுமா?"

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "கொஞ்சம் பொறுத்துப் போடி. கோவம் தணிஞ்சா எல்லாம் சரியாயிடும்." அவள் "சரிக்கா" என்று வைத்துவிட்டாள். நான் கட்டுரையை முடித்தேன்.

அன்றைக்கு அந்தத் தாழ்ப்பாள் தாங்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அவள் சொல்லவில்லை. இடது கையை முழுதாக நீட்ட முடியாமல் போனது எப்படி என்று கேட்டபோது ஒரு சித்தி சொன்னாள். அதற்குப் பிறகும் அவள் ஐந்து வருஷம் பொறுத்துப் போனாள். அக்கா சொன்னாளே.

ஒரு தடவைகூட அதை எடுத்துச் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பக்கம் குடிவந்தால் தினம் காலையில் எதிர்ப்பட்டு "சாப்டியாக்கா?" என்று கேட்பாள். அந்தக் கையைத் தினம் பார்க்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் அவளைத் தூரத்தில் வைக்கப் பார்க்கிறேன். கதை, கதையைப் பற்றிய கதை, மீபுனைவு என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பதற்காக.

5

சரி, முடிவுகள்.

முடிவு ஒன்று. நகரத்தின் மறுகோடியில் மூன்றாவதாக ஒரு வீடு கிடைக்கிறது. தாழ்ப்பாள் தாங்குகிறது, இன்னொரு சாவி யாரிடமும் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு அக்கா பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறாள். சுபம். (இதை எழுத எனக்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை.)

முடிவு இரண்டு. புரோக்கர் அவளை என் அடுக்குமாடிக் குடியிருப்புக்கே கூட்டிக்கொண்டு வருகிறார். எதிர் வீடு காலியாக இருக்கிறது.

"அந்த வீட்ல யாருண்ணே?"

"அவங்க ஏதோ கதை எழுதுறவங்கம்மா. தொந்தரவே இல்லாதவங்க. யாரு தட்டினாலும் கதவு திறக்க மாட்டாங்க."

அவள் என் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள்

(இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்க முடியவில்லை.)

6

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்து, என் வீட்டின் பின்னறைக்குப் போனேன். பழைய பத்திரிகைகளும் உடைந்த நாற்காலியும் போட்டு வைத்திருக்கிற அறை. அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, ஆனால் வெளிப்பக்கம். சாமான் அறைதானே என்று நான்தான் அப்படி வைக்கச் சொல்லியிருந்தேன். உள்ளே இருப்பவருக்கு ஒன்றுமில்லை.

திருப்புளியைத் தேடி எடுத்தேன். எட்டு திருகாணி. ஒன்று துருப்பிடித்திருந்தது, திருகித் திருகி உள்ளங்கைத் தோல் உரிந்தது. உள்பக்கம் துளை போட்டு மாட்டி முடிக்கப் பத்தரை ஆகிவிட்டது. கோணலாகத்தான் இருந்தது. கீழே போய் வாட்ச்மேனைக் கூட்டிவந்தேன். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

"தள்ளுங்க."

"எதுக்கும்மா?"

"தள்ளுங்க. பலமா. கோவமா."

அவர் இடித்தார்.

அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியும். நல்லவர், நான்தான் இடிக்கச் சொன்னேன். ஆனாலும் முதல் இடியிலேயே கதவு அதிர்ந்தபோது பத்திரிகைக் கட்டுகளோடு ஒட்டிக்கொண்டேன். போன் கையில் இருந்தது. யாருக்குப் பண்ணுவது என்று ஒரு நொடி தேடினேன், நிஜமாகவே தேடினேன். மூன்று இடிக்குப் பிறகு அவர், "போதுமாம்மா? தோள் வலிக்குது" என்றார். தாழ்ப்பாள் நின்றது. நான் திறந்து வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிறகு படம் எடுத்தேன். கிட்டத்தில் போய், திருகாணி தெரிகிற மாதிரி. கீழே எழுதத் தொடங்கினேன்: எங்க ஏரியாவும் பரவாயில்

அழித்துவிட்டேன். படத்தை மட்டும் அனுப்பினேன்.

அவள் பார்த்துவிட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரை காட்டுகிறது. நின்றுவிட்டது. மறுபடி காட்டுகிறது. வருவாளோ, "வேணாம்க்கா" என்பாளோ, ஆறு வருஷத்துக் கணக்கையும் இன்றைக்குத்தான் கேட்பாளோ. கேட்கட்டும். முடிவை என்னிடம் கேட்காதீர்கள். நான் ஒரு தடவை முடிவு சொன்னது எப்படி ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை அவள்தான் சொல்ல வேண்டும்.

மறுபடி நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.