கடலில் வீசாத உடுப்பு

போன வியாழக்கிழமை கல்லடிச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், கனகசூரியத்தை மறித்து வைத்துக்கொண்டார்கள். அதற்கு நான் சொன்ன ஒரு பொய்தான் காரணம் என்று நினைக்கிறேன். காரணம் வேறாகவும் இருக்கலாம். அன்று சென்றிக்குப் புதிய கட்டளை வந்திருக்கலாம். எங்காவது ஏதாவது நடந்திருக்கலாம். அப்படியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். யோசிக்கும்போதே, எனக்கு வசதியாக யோசிக்கிறேன் என்றும் தெரிந்தது. ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

நானும் கனகசூரியமும் தேற்றாத்தீவில் பஸ் ஏறி, மட்டக்களப்பில் அழகரத்தினம் சேர் நடத்தும் பின்னேர ஆங்கில வகுப்புக்குப் போகிறவர்கள். கனகசூரியத்தின் சொந்த இடம் படுவான்கரை. வாவிக்கு மேற்கே இருக்கும் அந்தக் கரை ஆமியோடு சண்டை பிடிக்கும் இயக்கத்தின் கையில் இருக்கிறது. கிழக்கே நாங்கள் இருக்கும் கரை ஆமியின் கையில். அவன் இங்கே பெரியம்மா வீட்டில் தங்கி அரிசி ஆலையில் வேலை செய்கிறான். அடையாள அட்டையில் மட்டும் பழைய விலாசம் இருக்கிறது. அந்த விலாசத்தை ஒழுங்காக வாசிக்கிற ஒரு ஆமிக்காரன் போதும், அவன் வீட்டுக்கு வராமல் போக.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து, கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கி, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். கனகசூரியம் இவ்வளவு நாளும் தப்பிப் போய்வந்தது எங்கள் பஸ் கொண்டக்டர் சீனித்தம்பி அண்ணனால்.

சீனித்தம்பி அண்ணன் முன்பு கோயில் திருவிழா நாடகங்களில் கோமாளி வேசம் கட்டியவர். சென்றி வந்ததும் எங்களுக்கு முன்னே குதித்து இறங்குவார். யாரும் கேட்காமலே இரண்டு கையையும் உயர்த்துவார். பிறகு தன்னைத் தானே சோதிக்கத் தொடங்குவார். அக்குளில் கை பட்டதும் கூச்சம் தாங்காமல் நெளிந்து, அந்தக் கையை மற்றக் கையால் அடித்து, உடனே பயந்துபோய் அதற்கு ஒரு சல்யூட்டும் வைப்பார். அதன் பின் அரைகுறைச் சிங்களத்தில் எங்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார். கனகசூரியத்தின் முறை வரும்போது, "இது என்ட மச்சினன் சேர். ஒரு நேரத்துக்கு ஒரு சட்டி சோறு தின்னுவான். இவனைப் பிடிச்சா உங்கட குசினிதான் அழியும், சமைக்க ஒண்டும் மிஞ்சாது" என்பார். ஆமிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அட்டையை வாங்கிப் பார்க்காமலே கையை ஆட்டிப் போகச் சொல்வார்கள்.

எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அம்மாவும் எங்களோடு வந்தார், பெரியாஸ்பத்திரியில் பிரசர் கிளினிக்குக்கு. அம்மா அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி, அதைச் சீலைத் துண்டில் முடிந்து இடுப்பில் செருகி வைத்திருப்பார். ஆமிக்காரன் கேட்டதும் கை நடுங்கி முடிச்சு அவிழவில்லை. சீனித்தம்பி அண்ணன் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இல்லாத ஒரு முடிச்சைத் தன் இடுப்பில் அவிழ்க்கத் தொடங்கினார். அம்மாவின் அதே நடுக்கம். அம்மாவைப் போலவே உதட்டைக் கடித்தார். பல்லாலும் இழுத்துப் பார்த்தார். ஆமிக்காரன் சிரித்துவிட்டு அம்மாவின் தோளைத் தட்டி அனுப்பினான். அம்மாவும் சிரித்தார்.

பஸ்ஸில் ஏறியதும், "என்னத்துக்கம்மா சிரிச்சீங்க?" என்று கேட்டேன்.

"அவன் செஞ்சபடியாத்தான் நிக்க வைக்காமக் கெதியா விட்டானுகள். நீ பறையாம இரு மகள்," என்றார் அம்மா.

நான் பறையாமல், வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். ஆனால் அந்த நடுங்கும் கையை மறக்கவில்லை. சரியாகச் சொன்னால், மறக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

போன புதன்கிழமை அழகரத்தினம் சேர் ஒரு பழைய ஆங்கில வாசிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பாடம் நடத்தினார். பார்ணி மல்றூனி என்ற அயர்லாந்து நகைச்சுவை நடிகனின் வாழ்க்கை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரின் மகன். சிறுவயதில் ஒரு நாடகக் கூட்டத்தோடு ஓடிப்போய், பிறகு லண்டனுக்குப் போகிறான். அயர்லாந்தை அப்போது ஆண்டது இங்கிலாந்து. லண்டன் மேடையில் பார்ணிக்கு எப்போதும் ஒரே வேசம்: குடித்துவிட்டுத் தடுமாறும் அயர்லாந்துக்காரன். கிழிந்த கோட்டும் சிவப்பு முடியும், கயிற்றில் ஒரு பன்றியும். கதவடிக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிப் பன்றியை முதலில் போகவிடுவான். இங்கிலாந்துக்காரர்கள் அதைப் பார்க்க வருடக்கணக்காக வந்தார்கள். கடைசியில் சொந்த ஊருக்கு நாடகம் போடப் போனபோது, எங்களைக் கேலிப்பொருளாக்கிப் பிழைத்தவன் என்று ஊர்ச்சனம் அவன்மேல் கோவா, அதாவது முட்டைக்கோசு, எறிந்தது. அவன் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, "உப்பும் எறியுங்கள்" என்றான். மறுநாளும் அதே மேடையில் நடித்தான். தலை நரைத்த பிறகும் நடித்தான். ஒரு கடற்கரைப் பட்டணத்தில், மாலைக் காட்சிக்கு முகப்பூச்சுப் பூசியபடியே இறந்துபோனான். பாடம் அவ்வளவுதான். அவன் வெட்கப்பட்டதாகப் பாடத்தில் எங்கும் இல்லை.

அன்று திரும்பி வரும்போது, ஆமி வாகனத்தொடர் போக வேண்டும் என்று ஆரையம்பதிக்குக் கிட்ட எங்கள் பஸ்ஸை ஓரத்தில் நிறுத்திவைத்தார்கள். இறங்கவும் விடவில்லை. சனம் விசிறிக்கொண்டு இருந்தது. சீனித்தம்பி அண்ணன் மிதிபலகையில் குந்தி இருந்தார்.

"என்ன புரபெசர்மார், இண்டைக்கு இங்கிலீசில என்ன படிச்சீங்க?"

"உங்களப் பத்தித்தான் அண்ணன்," என்றான் கனகசூரியம். "அயர்லாந்துல உங்களப்போல ஒரு ஆள் இருந்திரிக்கான்."

"அங்கயும் பஸ்ஸில தொங்கித் திரிஞ்சவனா?"

"இல்ல, நாடகக்காரன். கோமாளி."

"அப்ப சொல்லு புள்ள, கேப்பம். கனகசூரியம் சொன்னா விளங்காது, அவன் சோறு தின்ன மட்டுந்தான் வாயத் திறப்பான்."

பஸ் சிரித்தது. நான் சொல்லத் தொடங்கினேன். நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். முன் சீற்றில் இருந்தவர்கள்கூடத் திரும்பிக் கேட்டார்கள். பன்றிக்குத் தொப்பி கழற்றிய இடத்தில் சீனித்தம்பி அண்ணன் தொடையில் அடித்துச் சிரித்தார். "பண்டிக்கு வழி விட்டானா? தொழில் தெரிஞ்சவன் கா அவன்."

நான் கோவா எறிந்த இடத்துக்கு வந்தேன்.

"ஏன் எறிஞ்சாங்க?" என்று கேட்டார்.

"ஆளுறவங்களச் சிரிக்க வைக்கிறதுக்குத் தன்ட சனத்தையே கோமாளியாக்கினான் எண்டு."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். உப்புக் கேட்டதைச் சொல்லியிருந்தால் அவர் மறுபடி சிரித்திருப்பார். நான் அதை விட்டுவிட்டேன்.

"அவனுக்குப் பெரிய வெட்கமாப் போயித்து. அண்டைக்கே வேச உடுப்பையெல்லாம் கொண்டுபோய்க் கடல்ல வீசிற்றான். மறுகா மேடைப் பக்கமே போகல்ல."

கனகசூரியம் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனும் அதே வாங்குப் பலகையில் இருந்து அதே பாடத்தைக் கேட்டவன். பிறகு யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினான். என்னைச் சபையில் பொய்க்காரியாக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"எல்லாத்தையும் வீசிற்றானா?" என்று கேட்டார் சீனித்தம்பி அண்ணன்.

"ஓம்."

அவர் எழும்பி, மிதிபலகையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள், வியாழன், சென்றியில் அவர் மெதுவாக இறங்கினார். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாரையும் போல வரிசையில் நின்றார். சென்றிக்குப் பொறுப்பான கோப்ரல் அவரைப் பார்த்துச் சிரித்துக் கையை உயர்த்திக் காட்டினான், தொடங்கு என்பதுபோல. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என்ன, காய்ச்சலா?" என்று கோப்ரல் கேட்டதற்கு, "ஓம் சேர்," என்றார். கோப்ரலின் முகம் மாறியது. வேடிக்கை இல்லாமல் போனதும் அவர்கள் வேலையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு அட்டையாக வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி வாசித்தார்கள். கனகசூரியத்தின் அட்டையில் கோப்ரலின் விரல் விலாசத்தில் நின்றது.

"நில்."

எங்களைப் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். பஸ் பாலத்தில் ஏறும்போது பின் கண்ணாடியால் பார்த்தேன். அவன் மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில், வகுப்புக் கொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி குந்தியிருந்தான்.

வெள்ளிக்கிழமை அவன் தாய் அன்னப்பூரணி தோணியில் வாவியைக் கடந்து வந்தார். அதற்குள் அவனைச் சென்றிக்குப் பின்னால் இருக்கும் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய் சோற்றுப் பார்சலோடு எங்கள் பஸ் தரிப்பில் நின்று, சீனித்தம்பி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பறைஞ்சா அவனுகள் கேப்பானுகள் தம்பி. உன்னோட சிரிச்சுப் பழகினவனுகள்."

"நான் அதெல்லாம் விட்டுட்டன் கா. ஊர் விதானையாரிட்டக் கடுதாசி எடுங்க. அதான் முறை."

"கடுதாசி வாறதுக்கிடையில என்ட புள்ளய வேற இடத்துக்குக் கொண்டு போயிருவானுகளே."

அவர் கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "இத்தன நாள் ஆடினவருக்கு இப்பதான் மானம் வந்திரிக்கு," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அன்று வகுப்பு முடிந்ததும் அழகரத்தினம் சேரிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே இருந்து திரும்ப வாசித்தேன். வெட்கம் என்று பொருள்படும்படி ஒரு வரியாவது இருக்கிறதா என்று அகராதியும் கையுமாகத் தேடினேன். இருந்தால் நான் முழுப் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும் அல்லவா. ஒரு வரியும் இல்லை. புத்தகத்தை இரவலாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை காலை பஸ் வெளிக்கிட முன்னர் சீனித்தம்பி அண்ணனிடம் போனேன். அவர் பின் சீற்றில் இருந்து டிக்கட் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், பார்ணி உடுப்பை வீசல்ல."

"என்ன?"

"நான் கட்டிச் சொன்னது. அவன் சாகும்வரைக்கும் நடிச்சான். கோவா எறிஞ்ச ஆக்களிட்ட உப்புக் கேட்டான். மற்ற நாளும் அதே மேடையில ஏறினான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என்னத்துக்குப் புள்ள அப்பிடிச் சொன்னாய்?"

"நீங்க என்ட அம்மாவைப்போல செஞ்சி காட்டினீங்க. முடிச்சு அவுக்கிறது. அதுக்குத்தான்."

அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், "ஆ, அந்த மனிசி உன்ட அம்மாவா?" என்றார். கோபிப்பார், ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் டிக்கட் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தார்.

"அவன்ட பெரியம்மா வீட்டில போய் அன்னப்பூரணியக்காவக் கூட்டிக்கொண்டு வா. நீயும் வா. எனக்கு ஆள் தேவைப்படும்."

சென்றியில் நாங்கள் மூவரும் வரிசையை விட்டு விலகி நின்றோம். அவர் கையை உயர்த்தினார், தன்னைத் தடவினார், கூசி நெளிந்தார். கோப்ரல் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை கையை உயர்த்திக் காட்டியும் இவர் ஆடாத அவமானம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை போல. சீனித்தம்பி அண்ணன் மறுபடியும் முதலிலிருந்து செய்தார். வியர்த்துக் கொட்டியது. ஒரு ஆமிக்காரன் துவக்குக் குழலால் எங்களைப் போகச் சொல்லிக் காட்டினான்.

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, உதட்டைக் குவித்து ஆங்கிலம் முணுமுணுத்தபடி நடந்தார். சேறு மிதித்துவிடாமல் நடக்கிற நடை. யாரையும் பாராமல் எல்லாரையும் பார்க்கிற பார்வை. அது நான்தான். அப்படித்தான் நான் நடக்கிறேன் என்று அந்த நேரம்தான் எனக்குத் தெரிந்தது. அவர் கல்லில் தடக்கி விழுந்து, புத்தகத்தைத் தூக்கி மண்ணைத் தட்டி, கல்லிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார்.

கோப்ரல் வெடித்துச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். நான் அழுதால் எல்லாம் கெட்டுப்போகும் என்று விளங்கியது. சிரித்தேன். அன்னப்பூரணியக்கா சோற்றுப் பார்சலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று தெரியாமல் தானும் சிரிக்கப் பார்த்தார்.

"மச்சினன் எங்க சேர்? உங்கட குசினி இன்னும் இரிக்கா?" என்றார் சீனித்தம்பி அண்ணன். கோப்ரல் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே யாரிடமோ பேசப் போனான்.

மத்தியானம் தாண்டிக் கனகசூரியத்தை விட்டார்கள். இடது காது வீங்கியிருந்தது. தாய் அவனைத் தடவித் தடவிப் பார்த்தார். அவன் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "சிரிக்கிற சத்தம் உள்ளுக்குக் கேட்டது." அந்தப் பொய்யைப் பற்றி அவன் அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் சீனித்தம்பி அண்ணன் என் சீற்றுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணன், நான் செஞ்சது..." என்று தொடங்கினேன்.

"விடு புள்ள. நான் உன்னச் செஞ்சி காட்டினன், நீ அந்தக் கதையில என்னச் செஞ்சி காட்டினாய்." கம்பியை மற்றக் கைக்கு மாற்றினார். "ஆனா ஒண்டு. நீ கட்டின கதைதான் எனக்கு மெய்யெண்டு படுது. வெட்கப்பட்டிருப்பான். புத்தகம் எழுதினவனுக்கு அது தெரிஞ்சிராது."

பார்ணி அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவனை எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று நிறுத்திக்கொண்டேன்.

"திங்கக்கிழமை உன்ட அம்மா கிளினிக்குக்கு வருவாவா?" என்று கேட்டார்.

"ஓம். எங்களோடதான்."

"அவவக் கடைசியா இறங்கச் சொல்லு. பின் சீற்றில இருக்கட்டும். நான் முன்னுக்கு எல்லாத்தையும் முடிச்சிற்றுக் கூப்பிடுறன். அவ என்ட கூத்தைப் பாக்கத் தேவையில்ல."

இன்று ஞாயிறு. அம்மா பிரசர் குளிசைக் கார்டைத் தேடி எடுத்து வைத்துவிட்டார். நாளைக்குப் பின் சீற்றில் இருக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். அவருக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.