ஐந்தாம் அத்தியாயத்துப் படம்

மெய்ப்புத் தாள்கள் வந்ததும் ஐந்தாம் அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டினேன். படம் சாய்ந்திருந்தது. கிடையாக ஓட வேண்டிய கோடுகள் எல்லாம், ஒரு பக்கம் மட்டும் தூக்கிக் கட்டிய திரைச்சீலை மாதிரி வலப்புறம் மேலேறி நின்றன. பதிப்பகத்தின் பக்க வடிவமைப்பாளருக்கு உடனே போன் போட்டேன்.

"படத்தை என்ன தம்பி பண்ணீங்க?"

"கீழ விளக்கம் போட இடம் பத்தலை மேடம். வலது ஓரத்தைப் பிடிச்சுக் கொஞ்சம் மேல தூக்கிவிட்டேன். பார்க்க ஸ்டைலாத்தானே இருக்கு?"

"இது என்ன அழைப்பிதழா, ஸ்டைல் பார்க்க?"

"கோவிச்சுக்காதீங்க. சாயங்காலம் அச்சுக்குப் போகுது. வேற தப்பு இருந்தாலும் சேர்த்துச் சொல்லிடுங்க."

சார்பியல் பற்றிய என் புத்தகத்துக்கு அந்த அத்தியாயம்தான் உயிர். இங்கே ஒரு கடிகாரம், வெகு தொலைவில் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே போய்த் திரும்பும் ஒளி. ஒளி திரும்பி வர ஆன மொத்த நேரத்தை இங்கிருக்கும் கடிகாரமே காட்டிவிடும். அதில் பாதி போகவும் பாதி வரவும் ஆனது என்று வைத்துக்கொண்டுதான் தொலைவில் 'இப்போது' மணி என்ன என்று சொல்கிறோம். படத்தில் நேரம் கீழிருந்து மேலே ஓடும்; இங்கும் அங்கும் 'இப்போது' என்பதை இணைப்பவைதான் அந்தக் கிடைக்கோடுகள். அந்தப் பாதி நம் வசதிக்கான ஏற்பாடு அல்ல, இயற்கையிலேயே உள்ளது என்று நிரூபித்திருந்தேன். நிரூபித்திருப்பதாக ஒரு கருத்தரங்கில் மார்தட்டியும் இருந்தேன்.

நாத்தனார் சண்டை மற்ற வீடுகளில் எதற்கு வருமோ, எங்கள் வீட்டில் இந்தப் பாதிக்காகத்தான் வந்தது. என் கணவரின் தங்கை மாடியில் குடியிருக்கிறாள். கல்லூரியில் அறிவியலின் தத்துவம் நடத்துகிறாள். "போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே நேரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?" என்று கேட்டுக் கேட்டே என் சாப்பாட்டை ஆறவைத்தவள். அவள் வாயை அடைக்கவே அந்த அத்தியாயத்தை எழுதினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

பொத்தாம்பொதுவாகத் தப்பு என்று எழுதி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. கோணலால் எங்கெங்கே கெட்டது என்று ஒவ்வொன்றாகச் சிவப்பில் சுழித்துக் காட்டலாம் என உட்கார்ந்தேன். ஒளி முதல் கடிகாரத்தை விட்டுப் புறப்படுகிறது. சரி. இரண்டாவதைத் தொடுகிறது. சரி. திரும்பி வருகிறது. அதுவும் சரி. கோணல் படத்தில் போக அதிக நேரம், வரக் குறைந்த நேரம், கூட்டினால் பழைய மொத்தமேதான். எந்தக் கருவியாலும் பிடிக்க முடிகிற ஒன்றுகூடக் கெடவில்லை. பேனா காகிதத்தைத் தொடாமலே நின்றது. நிரூபணத்தின் மூன்றாம் படியைத் திரும்பப் படித்தேன். 'படத்திலிருந்து தெளிவாகிறபடி' என்று இருந்தது. தெளிவாக்கியவை கிடைக்கோடுகள். அவற்றை இழுத்தது இயற்கை அல்ல, ஸ்கேல் வைத்து நான்.

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. செருப்புகூடப் போடாமல் மாடிப்படி ஏறினேன்.

"என்ன அண்ணி இப்படி மூச்சு வாங்குது? அண்ணனுக்கு ஏதாவது..."

"உங்கண்ணனுக்கு என்ன, குறட்டை விட்டுத் தூங்குறார். நீ சொன்னதுதான்டி சரி."

தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "நான் சொன்னது சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"உதை வாங்குவே."

"பின்னே? இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன், ஏறலை. யாரோ படத்தைக் கோணலாக்கினதும் ஏறிடுச்சாக்கும்!" சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அது இருக்கட்டும். எப்படிச் சாய்ச்சாலும் மாறாதது எது அண்ணி?"

"சந்திப்பு. கோடும் கோடும் வெட்டிக்கிற இடம். ஒளி கடிகாரத்தைத் தொட்டதுன்னா, எப்படி வரைஞ்சாலும் தொட்டதுதான்."

"அப்போ அதை எழுதுங்க. எழுதினதை விட அதுதானே பெரிய அத்தியாயம்!"

அங்கேயே நின்று போன் செய்தேன். "தம்பி, அச்சை நிறுத்துங்க."

"படத்தை அப்பவே நேராக்கிட்டேனே மேடம்!"

"ஐயோ, கோணலை அழிச்சிடாதீங்க! ரெண்டு படமும் வேணும். அந்த அத்தியாயத்தையே மாத்தி எழுதப்போறேன்."

அவர் குரல் இறங்கியது. "ஏற்கெனவே தள்ளிப் போட்டாச்சு. இன்னொரு தடவை தள்ளினா புத்தகமே வேணாம்னு முதலாளி சொல்லியிருக்கார். நிஜமாவே நிறுத்தணுமா?"

நாத்தனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க."

"கேட்டுட்டுக் கூப்பிடறேன் மேடம். எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை."

தம்பி திரும்பக் கூப்பிடும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் கட்டிலிலிருந்து நீலப் போர்வையை உருவித் தரையில் விரித்தாள். நான் சாக்பீஸால் படத்தின் கோடுகளை அதில் இழுத்தேன். சத்தம் கேட்டுத் தூக்கக் கண்களோடு மேலே வந்த என் கணவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"நல்ல போர்வையில என்ன கிறுக்கல் இது?"

"பேசாம வலது ஓரத்தைப் பிடிண்ணா. மேல தூக்கு."

நானும் அவளும் இடது ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். அவர் தூக்கினார். கிடைக்கோடுகள் மெல்லச் சாய்ந்தன. "இன்னும்" என்றேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள் அவள். அவர் குதிகாலை உயர்த்தி, கைகளைத் தலைக்கு மேலே நீட்டினார். சாக்பீஸ் தூள் ஜன்னல் வெயிலில் மினுங்கியபடி எங்கள் மூவர் மேலும் உதிர்ந்துகொண்டிருந்தது. விறைத்து நின்ற நீலத்தில் கோடுகள் எல்லாம் சரிந்து கிடக்க, வெட்டிக்கொண்ட இடங்களில் மட்டும் அவை ஒன்றையொன்று விடாமல் இருந்தன.